கேள்வி எண் பதினொன்று

பவர்குப்பம் நாலாவது தெருவில்
ஐஸ்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நுழைகிறேன்.
மே மாதம். பன்னிரண்டு மணி.
கட்டிப்போட்ட படகுகள்
ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் சத்தம்
இங்குவரை கேட்கிறது.

டில்லிராணி பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.
ஐந்து மில்லி போதும், நடுப்பால்.
முதலில் வருவது நீர்த்தது, தாகத்துக்கு.
கடைசியில் வருவது கொழுத்தது, தூக்கத்துக்கு.
நடுவில் நிறுத்திக் கேட்பது என் வேலை.
பிள்ளை என்னை முறைத்தது. நியாயம்தான்.

படிவத்தை எடுத்தேன்.
வயது, எடை, எத்தனையாவது பேறு,
சமையலுக்கு என்ன எண்ணெய்.
"ரேஷன் பாமாயிலுதான், வேற இன்னா."
கேள்வி எண் பதினொன்று:
நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?

வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்தான் அவள் கணவன்.
தலை நிமிரவில்லை.
கை மட்டும் நின்றது.

"மீனு" என்றாள்.
எத்தனை வேளை?
"ரெண்டு வேளயும். சொறாப் புட்டு, நெத்திலி.
புள்ள பெத்தவளுக்கு வாங்கியாந்து குடுக்காம இருப்பாரா?"
கை மறுபடி நகரத் தொடங்கியது.

எழுதிக்கொண்டேன்.

பால் பொய் சொல்லாது என்பார்கள் ஆய்வகத்தில்.
எனக்கு அந்த வாக்கியம் பிடிக்காது.
வேறு யாரோ சொன்னதாக ஆகிவிடுகிறது.

இயந்திரம் பாலைக் கொழுப்பு கொழுப்பாகப் பிரித்துக்
காகிதத்தில் மலை மலையாய் நிறுத்தும்.
பாமாயில் செங்குத்தாக நின்றது.
வெறுஞ்சோறும் சர்க்கரை டீயும் உள்ளே போனால்
மார்பு தானே சமைத்துக்கொள்ளும் சின்னக் கொழுப்புகள்
பக்கத்திலேயே குன்றுகளாக.
பேக்கரி பன்னின் டால்டா ஒரு மேடு.
மீன் நிற்க வேண்டிய இடத்தில்
எறும்பு கூட்டிவைத்த மண்ணளவு ஒரு புடைப்பு.
அதையும் பேனா முனையால் காட்டினால்தான் தெரியும்.

மொத்தக் கொழுப்பு மட்டும் குறையவில்லை.
நூறு மில்லிக்கு நாலு கிராம்,
பாதாமும் வஞ்சிரமும் தின்கிற வீட்டில் இருக்கிற அதே நாலு.
எங்கிருந்து எடுத்தாள்?
இடுப்பிலிருந்து. தொடையிலிருந்து.
தை மாசி பங்குனியில், வயிற்றில் பிள்ளை புரண்டபோது,
தனக்கே தெரியாமல் சேர்த்ததிலிருந்து.
தண்டல்காரன்கூட ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வருவான்.
இது எட்டுத் தடவை வருகிறது, நடுராத்திரியிலும்,
கணக்குப் புத்தகம் இல்லாமல்.
அவள் உடம்பு ஒரு தவணையும் தவறவில்லை.
அளவைத் தன் சதையிலிருந்து கொடுத்துவிடுகிறது.
குணத்துக்குத்தான் வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது,
கடலை, ரேஷன் கடையை,
வாசலில் உட்கார்ந்திருப்பவனை.

டாக்டர் கேட்டார்.
"மீன்னு போட்டிருக்கே, குப்பி மாறிடுச்சா?"
எண்ணைச் சரிபார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தேன்.
மாறல மேடம்.
"அப்ப பதில அடிச்சுத் திருத்திடுங்க."

அடிக்கவில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில், அது ரொம்பச் சின்னது,
நுணுக்கி எழுதினேன்:
படகு கரையில். கணவர் வாசலில் இருந்தார்.

ஜூன் பதினேழு. காலை ஆறரை.
கழுவிய ஐஸ்பெட்டி கவிழ்ந்து கிடந்தது பால்கனியில்.
போன்.
"அக்கா, போட்டு வந்துச்சு. மொத வலையிலயே பால்சொறா.
இப்பதான் துன்னேன், ஏனம்கூட கழுவல.
இன்னிக்கு எடுத்தா அதுல தெரியுமா?"
சாயங்காலத்துக்குள் தெரியும் என்றேன்.
இரண்டாம் தடவை எடுப்பது திட்டத்தில் இல்லை,
குப்பிகள் எண்ணிக் கொடுத்தவை, என்பதையும் சொன்னேன்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை.
"அஞ்சு மணிக்கு வா.
அந்தப் பதினொன்னாவது கேள்வி இருக்குதே,
அத இன்னொரு வாட்டி கேளு.
சத்தமா கேளுக்கா.
அவரு ஊட்லதான் இருப்பாரு."