அம்பின் திசை

முதல் நாள் ஒரு தாள் கொடுத்தார்கள்.
சன்னல், பந்து, இரட்டைப் பின்னலோடு ஒரு சிறுமி.
"பந்து இவளுக்கு எப்படித் தெரிகிறது? அம்புக்குறி இடுக."
கண்ணிலிருந்து பந்துக்கு இழுத்தேன்,
பேனா முனை மறுபக்கம் தடம் பதிய.
லெமோனியாவும் அப்படித்தான்.
வகுப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான்.
ஒருத்தி மட்டும் அம்பே போடவில்லை.
பார்ப்பதற்கு எதற்கு எதுவும் நகர வேண்டும் என்றாள்.

வேறெப்படி இழுப்பது?
கிரேக்கத்தில் நாங்கள் பார்வையை எறிகிறவர்கள்.
கண் பட்டால் தலை கனக்கும்,
அம்மா தண்ணீரில் எண்ணெய் சொட்டிப் பார்ப்பாள்.
என் மணிக்கட்டில் நீலக் கண்மணி ஒன்று,
வருகிற கண்ணைத் திருப்பி அனுப்ப.

இரண்டாம் தாள்:
"மேசை விளக்கு எரிகிறது. ஒளி எங்கே இருக்கிறது?"
விளக்கில், என்று எழுதினேன்.
எழுதிய தாளே வெளிச்சத்தில் கிடந்தது.

மூன்றாவது வாரம்
ஃப்ளோரினாவில் பனி முழங்கால் வரைக்கும்.
அடித்தளச் சாமான் அறையில்
கதவிடுக்கெல்லாம் கறுப்பு நாடா ஒட்டி
எங்கள் ஐந்து பேரை உட்காரவைத்தான்
ஆய்வு மாணவன் ஸ்டெரியோஸ்.
"கண் பழகிவிடும்" என்று எழுதியவர்கள் நாங்கள்.
பத்து நிமிடம். யாரோ பெப்பர்மிண்ட் மெல்லும் வாசனை.
"என் கை தெரிகிறது" என்றேன்.
சத்தியமாகத் தெரிந்தது, அசைத்தால் அசைந்தது.
"சரி, என் கையில் எத்தனை விரல்?"
ஐந்து பேரும் இருட்டுக்குள் குனிந்து தேடினோம்.
மூன்று, என்றாள் லெமோனியா, துணிந்து.
அவன் இரண்டு கையையும் சட்டைப்பையில் வைத்திருந்தானாம்.

தேர்வில் சரியாகப் போட்டேன்:
சன்னலிலிருந்து பந்துக்கு, பந்திலிருந்து கண்ணுக்கு.
நான் எங்கும் போகவில்லை. எனக்கு வந்தது.

பயிற்சிப் பள்ளியில் நாலு வயது ஆர்கிரிஸ்
டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டான்:
"சுவத்துல இருந்த வெளிச்சம் எங்க போச்சு?"
சுவர் தின்றுவிட்டது, என்றேன்.
பொய் சொல்லவில்லை; ஏறக்குறைய.
அவன் போய்ச் சுவரைத் தடவினான்,
வயிறு உப்பியிருக்கிறதா என்று.
பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில்
எதிர்மலைப் பனியில் கடைசி வெயில்.
அது அங்கிருந்து கிளம்பி
சாலையை, நாயை, புகையைத் தாண்டி
என் கண்ணுக்குள் நுழைகிறது.
தெரியும். எழுதியிருக்கிறேன். முழு மதிப்பெண்.

மணியை மட்டும் இன்னும் கழற்றவில்லை.