இரண்டு நிறம் போதும்

மூக்கையூர் கடலோரக் காவல் நிலைய முற்றத்தில்
நீல நைலான் வலை.
கச்சான் காற்றில் அறுந்து
கன்னிராசபுரத்தில் ஒதுங்கியது.
தன்னுடையது என்கிறார் பூவலிங்கம்.
பொய்யில்லை.
அதே கம்பெனி, அதே கண், அதே இரவில்
அவருக்கும் ஒன்று காணாமல் போயிருந்தது.

எஸ்.ஐ. புரட்டிப் பார்த்தார்.
தலைகீழாக்கினார். மறுபடி புரட்டினார்.
வலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் கணக்குப் படித்தவள்.
ஓரமே இல்லாத வலையை நினைத்துக்கொண்டு நின்றேன்.
பாம்பனுக்கு அப்பாலும் முடிச்சு,
அந்த முடிச்சுக்கு அப்பாலும் முடிச்சு.
ஒரு கண் தள்ளி இழு, கால்சுற்றுத் திருப்பு,
முன்பிருந்த வலைதான்.
தன் வீடு எதுவென்று எந்த முடிச்சுக்கும் சொல்லத் தெரியாது.

ஒரு முடிச்சைச் சிவப்பாக்கினால்
அதையே அச்சாக்கிச் சுழலும்.
இன்னொன்றையும் ஆக்கினால்
இரண்டும் இடம் மாற்றிக்கொண்டு சிரிக்கும்.
மூன்றாவதை வரிசைக்கு வெளியே,
மூன்று தூரமும் மூன்று விதமாய் வை.
அப்புறம் அசையாது.

ஒரே முடிச்சில் தொங்கும் மூன்று ஈயக்குண்டுக்கோ
மூன்று நிறம் கேட்கும்.
இரண்டு மூன்று பேர் மட்டும் இடம் மாறுவதுதான் தொல்லை.
முடிவில்லாத கூட்டம் நகர்ந்தால்
எவனாவது ஒருவன்
தப்பான நிறத்தில் நின்று மாட்டிக்கொள்வான்.

மதினி செபஸ்தியாள் முன்னால் வந்தாள்.
"நாலாவது மிதவைக்குக் கீழே பதினொரு கண் எண்ணுங்க சார்.
சிவப்பு நூல் இருக்கும்."
"எந்தப் பக்கத்துலருந்து நாலாவது?"
"ரெண்டு பக்கமும் எண்ணுங்க.
ஒண்ணுலதான் இருக்கும்."

இருந்தது.
அதற்கு ஏழு கண் தள்ளிப் பேத்தை கடித்தது,
இன்னும் கீழே நண்டு.
மாசியில் நீல நூல் தீர்ந்து
கடையில் கடனும் மறுத்தபின்
சிவப்பில் முடிந்தவை.
இங்கே கடி என்று பேத்தைக்கு யார் சொன்னது?
காசு சுண்டினாற்போல் கடித்திருக்கிறது.
திட்டம் போட்டுக் கிழித்திருந்தால்
ஒருவேளை தோற்றிருப்போம்.

பூவலிங்கம் வலையிலிருந்து கையை எடுத்தார்.
"என்னுது ஒட்டே விழாத புது வலை" என்றார்.
பெருமையா துக்கமா,
அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை.

குட்டியானை வண்டியில் வலைமேல் உட்கார்ந்து திரும்பினோம்.
"மதினி, கடல் அளவு வலைக்கும்
ரெண்டு நிறம் போதுமாம்."
அவள் புதுக் கிழிசல் ஒன்றுக்குள்
நாலு விரலை விட்டுப் பார்த்தாள்.
"சரிதான்.
வீட்டில் இருக்கிறது பச்சை."