பக்கம் 214

உங்கள் வலது காலை நம்பாதிருப்பதே என் வேலை.
பதினேழு வருடமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு
நம்பாமல் இருக்கிறேன்.

பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட
மயிரிழை கூடுதலாகச் சுற்றினால்
உங்கள் மூளைக்குச் சேதி போவதற்குள்
எஞ்சினின் குரல்வளையைப் பிடிக்கிறவள் நான்.
மஞ்சள் விளக்கொன்று சிமிட்டும்.
அது என் கையெழுத்து.

இந்தக் குளிர்காலம் கையேட்டுக்காரர்கள்
என்னிடம் ஒரு பத்தி கேட்டார்கள்:
இழுவைக் கட்டுப்பாட்டை எப்போது அணைக்கலாம்?
எண்பது சொல்லுக்குள். வெள்ளிக்கிழமைக்குள்.

வட சுவீடன். ஏரி உறைந்து
அறுபது சென்டிமீட்டர் கனத்தில் கிடக்கிறது.
பகலென்று பேர் வைத்து நாலு மணிநேரம்
ஒரு சாம்பல் வெளிச்சம்.
ஸ்டுட்கார்ட்டிலிருந்து வந்த நாங்கள் பதினோரு பேர்
கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் சுற்றிய கார்களை
நாள் முழுக்க வழுக்கவிட்டு
ராத்திரி எண்களைத் திருத்துகிறோம்.

முதல் வரைவு சுலபமாக வந்தது.
பனியில் புதைந்தால் அணைக்கலாம்.
சங்கிலி கட்டிய சக்கரமென்றால் அணைக்கலாம்.
மூடிய ஓட்டப்பாதையில், டயர் சூடான பிறகு,
எதிரே யாரும் வரமாட்டார்களென்றால்.
எழுதிவிட்டு விடுதிக்குக் கிளம்பினேன்.

விடுதி வாசல் ஏற்றத்தில்
ஆரஞ்சு நிறக் கூபே நின்றுவிட்டது.
மிதித்தேன். விளக்கு சிமிட்டியது. எஞ்சின் முனகி அடங்கியது.
மறுபடி மிதித்தேன்.
மறுபடி சிமிட்டல், மறுபடி முனகல்.
நானூற்றைம்பது குதிரை.
ஒன்றுகூடக் கால் எடுத்து வைக்கவில்லை.
நான் எழுதிய வரியே
என் கழுத்தை நெரித்தது, அத்தனை அக்கறையோடு.

பனி அள்ளும் வண்டியிலிருந்து இறங்கிய ஸ்டூரே
மேலுதட்டுக்குள் புகையிலைப் பொட்டணத்தை அதக்கியபடி
கொஞ்சநேரம் வேடிக்கை பார்த்தான்.
கண்ணாடியைத் தட்டி,
"இதைச் செய்தவர்கள் யாரோ,
பனியைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள்" என்றான்.
"ஆமாம், யாரோ" என்றேன்.

பொத்தானை அழுத்தி ஐந்து எண்ணினேன்.
விளக்கு இப்போது சிமிட்டவில்லை. நிலையாக எரிந்தது,
பேசி முடித்துவிட்டவளைப் போல.
முதல் கியர், ரிவர்ஸ், முதல் கியர்,
தொட்டிலாட்டும் அளவுக்குப் பெட்ரோல்.
சக்கரம் பனியைத் தோண்டி
ஸ்டூரேயின் கால்சட்டை மேலெல்லாம் வீசியது.
நாலாவது ஆட்டத்தில் தரை தட்டுப்பட்டது.

மேலே போய் நிறுத்தியிருக்கலாம்.
நிறுத்தவில்லை. ஏரிக்கு இறங்கினேன்,
கூம்புகளை எடுத்துவைத்துவிட்ட காலி வட்டத்துக்கு.
அணைத்தது அணைத்தபடியே.

அங்கே
காரின் பின்பாகம் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தது.
திருப்பினேன், போதவில்லை.
இன்னும் திருப்பினேன், அது ரொம்ப அதிகம்.
மூன்று சுற்று. ஹெட்லைட் வெளிச்சத்தில்
பனி, பனி, பிர்ச் மரங்கள், பனி.
நின்றபோது கார் வந்த திசையையே பார்த்திருந்தது.
சத்தமாகச் சிரித்தேன். பிறகு கை நடுங்கியது.
வெகுநேரம் நடுங்கியது.
பதினேழு வருடத்தில்
என் வலது காலை நான் சந்தித்தது அன்றுதான்.
அப்படியொன்றும் நம்பத்தகுந்ததல்ல.

வெள்ளிக்கிழமை இரண்டாம் வரைவு அனுப்பினேன்:

நவம்பரில், ஈர இலை கிடக்கும் வளைவில், வேண்டாம்.
மழை நின்று பத்து நிமிடமே ஆகியிருந்தால் வேண்டாம்.
வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தால்
கட்டாயம் வேண்டாம்.
யாராவது செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தால்
அப்படியொரு பொத்தான் இருப்பதையே மறந்துவிடுங்கள்.
போனால் உங்கள் மானம் மட்டும்தான் போகும் என்கிற
அகலமான காலியிடம் கிடைத்தால்
அணையுங்கள். மெதுவாக. ஒருமுறையாவது.

சட்டப் பிரிவிலிருந்து ஹைன்ட்ருன் பேசினாள்.
"மானம்" என்ற சொல்லுக்கு வரையறை உண்டா என்று கேட்டாள்.

அச்சில் வந்தது இவ்வளவுதான்:
சிறப்புச் சூழல்களில் மட்டும் அணைக்கவும்.
கீழே மஞ்சள் விளக்கின் படம்.
ஒரு கார், அதன் வாலில் இரண்டு நெளிகோடு.
வரைந்தவன் ஏரிப் பக்கம் வந்ததே இல்லை.
நெளிவு மட்டும்
எப்படியோ சரியாக இருக்கிறது.