ஒன்பது புள்ளி நாலு

முதலில் பிடித்துப்போனது மணலின் வாசம்.
கணபதியில், பம்ப் உறை வார்க்கிற பவுண்டரியில்
அச்சு மணலுக்குத் தண்ணீர் தெளிக்கும்போதெல்லாம்
பில் போடுவதை விட்டு எழுந்துபோய் நின்றேன்.
"ஏனுங் அம்மிணி, மணலத் தின்னு போடுவீங்களாட்ட இருக்குது"
என்று சிரித்தார் மோல்டர் சென்னியப்பன்.
நானும் சிரித்தேன்,
நாக்கடியில் ஊறியதை விழுங்கிக்கொண்டு.

அப்புறம் ஐஸ்.
சத்தி ரோட்டு ஜூஸ் கடையில்
ஜூஸ் வேண்டாம், ஐஸ் மட்டும் என்று கேட்ட
ஒரே ஆள் நான்.

இதற்கிடையில் பத்தாயிரம் மீட்டர்.
நேரு ஸ்டேடியத்தில் இருபத்தைந்து சுற்று.
பதினேழு வரை கால் என்னுடையது.
பதினெட்டில் யாரோ வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.
கோச் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்:
"சோம்பேறித்தனம்."
நம்பினேன். வாரத்துக்குப் பத்து கிலோமீட்டர் கூட்டினேன்.

பெரிட்டின் ஒன்பது புள்ளி நாலு.

டாக்டரிடம் சொன்னேன்,
நாளெல்லாம் இரும்புலதானுங்க இருக்கறன்.
துப்பட்டாவை உதறினா இரும்பு.
மூக்கைச் சிந்தினா இரும்பு.
சாயங்காலம் தரையில் காந்தம் உருட்டி
ஒரு வாளி அள்றோமுங்க.

அவர் சிரிக்கவில்லை.
ஒவ்வொரு எட்டுக்கும் குதிகாலடியில்
சில சிவப்பணுக்கள் நசுங்கிப்போகுமாம்.
வேர்வையில் கொஞ்சம், குடலில் கொஞ்சம்.
மாதத்தில் ஐந்து நாள் போவதைக் கேட்டு எழுதிக்கொண்டார்;
கோச் ஒருநாளும் கேட்டதில்லை.

இதெல்லாம்கூடச் சரி.
ஓட்டத்தை உடம்பு காய்ச்சல் என்று நினைத்துக்கொள்கிறதாம்.
கிருமிக்குக் கிடைக்கக்கூடாதென்று
ஈரல் ஆள் அனுப்பி
இரும்பு வரும் வாசலைச் சாத்திவிடுகிறதாம்.
கிருமி எங்கே?
நான்தான் நிற்கிறேன் வெளியே
மாத்திரையும் கையுமாக,
சங்கு ஊதியபின் வந்த ஷிப்ட் ஆள் மாதிரி.

ஓடி முடித்த அரைமணிக்குள் போட்டுவிட வேண்டும்.
அதற்கப்புறம் கேட் பூட்டு, சாயந்தரம்வரை.
ஆகவே ஸ்டேடியம் படிக்கட்டில்
ஷூ கயிறு அவிழ்க்கும் முன்பே
ஒன்றுவிட்டு ஒரு நாள்
பாதி நெல்லிக்காயோடு ஒரு மாத்திரை.
இரண்டு மணி நேரத்துக்கு டீ கிடையாது.
கோயமுத்தூர் மார்கழியில், காலை ஆறரைக்கு!
வாயில் ஆணி ருசி.
கக்கூஸில் கரி.
கூட்டின பத்தோடு இன்னும் இருபதைக் கழி என்றார்.
மாத்திரைக்கு வராத அழுகை அதற்கு வந்தது.

பதினோராவது வாரம் முப்பத்தொன்று.
பதக்கமெல்லாம் இல்லை.
பதினெட்டாம் சுற்றில் கால் இருந்தது,
இருபத்திரண்டில்தான் போனது.

அன்றைக்கு மத்தியானம்
பில் போட்டுக்கொண்டே இருந்தேன்.
"என்னுங், தண்ணி தெளிச்சாச்சு, இன்னிக்கு வல்லீங்களா?"
போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன்.
ஈர மணல்.
வெறும் ஈர மணல்.
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.