இருநூற்று ஏழாவது கேள்வி

வெள்ளிக்கிழமை ராத்திரியோடு பழையது மூடிவிடும்.
அதனால்
குடியாத்தம் வட்டார வள மையத்தில்
பதினாறு ஆசிரியர்கள், பதினோரு கணினி,
ஓடுகிற ஃபேன் ஒன்று, நான்.

பழையதில் 'இறக்கு', புதியதில் 'ஏற்று' என்கிறேன்.
லாரி ஷெட் வேலையா சார், என்கிறார் எபநேசர்.
கேள்விகள் பத்திரமாக வந்து சேர்கின்றன.
விடைக்குப் போட்ட டிக் மட்டும்
வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

சம்சாத் டீச்சருக்கு நானூற்றுப் பன்னிரண்டு கேள்வி.
கடவுச்சொல்லை மூன்று தடவை மறந்தவர்
விடைகளில் ஒன்றையும் மறக்கவில்லை.
அ, ஈ, ஆ, ஆ,
தட்டிக்கொண்டே போன விரல்
இருநூற்று ஏழில் நின்றது.

ஆம்பூர் எந்த மாவட்டத்தில் உள்ளது?
வேலூர். திருவண்ணாமலை. கடலூர்.
இவற்றில் எதுவுமில்லை.

மாவட்டத்தை மூன்றாய்ப் பிரித்து எத்தனை வருஷம்!
பழையதில் இன்னும் வேலூருக்கே மார்க்.

"நிவேதிகா எதுவுமில்லைன்னு போட்டா சார், போன வருஷம்.
மிஷின் தப்புன்னுச்சு.
நானும் தப்புன்னேன்.
அவ ஆம்பூர்லேர்ந்து வந்து சேர்ந்த பொண்ணு."

அந்த மார்க்கைத் திருத்த
புதியதில் எங்கே அழுத்தணும் என்று கேட்டார்.
தேடினேன்.
நகலெடு, பகிர், நேரம் குறி, வரிசை கலை,
பின்னணி நிறம்கூட இருந்தது.

டீ வந்தது, ஆடை கட்டியது.
டீச்சர் கைப்பையில் துழாவிப் பேனா எடுத்து
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்:
நிவேதிகா, அப்போ எட்டு பி, ஒரு மார்க்.

பிறகு, அதே கையால் மவுஸைப் பிடித்து,
இருநூற்று எட்டு.