அடைக்கல்

நாளைக் காலை பத்தரைக்குக்
கோத்தகிரி மக்கள் நீதிமன்றம்.
வக்கீல் வேண்டாம் என்றார்கள்.
கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லணும்,
சொன்னதைத் தாளில் காட்டணும்.

அதனால் இந்த ராத்திரி
சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள்.
ஸ்டேஷனில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீது,
ஆர்.சி. புத்தகத்தின் நகல் மூன்று,
சுக்கூர் பாய் பட்டறையின் மதிப்பீடு:
பின் பம்பர், டிக்கி, இடப்பக்கக் கதவு,
ஒரு விளக்கு, டிங்கரிங், பெயிண்ட்,
ஆக இருபத்தோராயிரத்து நானூறு.
கையெழுத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் விரல் ரேகை,
அதுதான் அவர் முத்திரை.

அதில் கதவுக்கான ஆயிரத்து எண்ணூறு
போஜராஜ் கணக்கல்ல.
போன வருஷம் ஆஸ்பத்திரி கேட்டில்
நானே இடித்துக்கொண்டது.
சேர்த்தே போடுங்க சிஸ்டர்,
யார் பார்க்கப் போறா என்றார் பாய்.
சேர்த்துத்தான் வைத்திருந்தேன் பதினோரு நாள்.
இன்று பேனாவால் அடித்தேன்.
நல்ல மனசெல்லாம் ஒன்றுமில்லை,
அந்தப் பள்ளத்தில் துரு ஏறியிருக்கிறது.
துரு தேதி சொல்லிவிடும்.

நடந்ததை எழுதியும் வைத்திருக்கிறேன்,
இது நான்காவது பிரதி.
அரவேணு இறக்கத்தில் என் ஆல்டோ நின்றது.
அதற்கு மேலே
பச்சைத் தேயிலை மூட்டைகளோடு அவர் பிக்கப்.
டீ குடிக்கப் போனவர் அடைக்கல் வைக்கவில்லை.
வண்டி தானாக இறங்கி வந்து
முட்டி நின்றது,
பட்டி திரும்பும் எருமை மாதிரி
மெதுவாக.

மெதுவாக என்பதை எழுதலாமா?
அடித்தேன்.
வேகமாக என்று எழுதி
அதையும் அடித்தேன்.

முதல் வாரம் அவர் மனைவி
ஒரு பை அவரை கொடுத்தனுப்பினாள்.
வாங்கிக்கொண்டேன், குழம்பும் வைத்தாயிற்று.
அதை வரவில் எழுதுவதா,
இழப்பில் கழிப்பதா?

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன்.
ஐயா என்று ஆரம்பித்த பிறகுதான்
பெண் நீதிபதி என்று ஞாபகம் வந்தது.
அம்மா என்றாலோ
வார்டில் ஊசிக்கு அழுகிறவர்களின் குரல் வருகிறது.
சம்பவத் தேதியில் தடுமாறுகிறேன்,
தினம் நாற்பது பேருடைய ரத்த வகையைத்
தப்பில்லாமல் எழுதுகிறவள்.

அவர் பதிலில் ஒரே வரி:
கல் வைத்தேன், மழையில் வழுக்கிவிட்டது.

இல்லாத கல்லை
இல்லை என்று எப்படிக் காட்டுவது?
இருக்கிற கல்லென்றால்
பையில் போட்டு எடுத்துப் போகலாம்.

போட்டோ பதினாலு எடுத்திருந்தேன்.
முதல் ஒன்பதிலும் மஞ்சு.
வெள்ளைத் தாளையே காசு கொடுத்து
பிரிண்ட் போட்டது போல.
பத்தில் நம்பர் பிளேட்டின் பாதி,
பதினொன்றில் என் கட்டைவிரல்.
பன்னிரண்டில் மஞ்சு கொஞ்சம் விலகி
ரோடு, சாக்கடை, சரிந்த மூட்டை,
சாக்கடை விளிம்பில்
ஒரு கல்.

பன் ரொட்டி அளவு இருக்கும்.
ஒரு பக்கம் டயர் தேய்த்த கறுப்பு,
அல்லது நனைந்த பாசி.
போனில் பெரிதாக்கினால்
சதுரம் சதுரமாக உடைகிறது.

இந்தப் பொடிக்கல்லை நம்பியா
இருபது மூட்டையை நிறுத்தினீர்கள்?
நல்ல கேள்வி, நாளைக்குக் கேட்கலாம்.
கேட்டால்
கல் வைத்தார் என்று
நானே சாட்சி சொன்னதாகும்.

பதிமூன்று படங்களைக் கோப்பில் குத்தினேன்.
பன்னிரண்டாவது
உப்பு டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது.

மணி பதினொன்றரை.
ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
கயிறு போட்டுக் கட்டிய டிக்கியோடு
சரிவில் நிற்கிறது ஆல்டோ.
டார்ச் வெளிச்சம் ஒரு முழம்தான் எட்டுகிறது.
சக்கரத்துக்கு நான் வைத்திருந்த கல்லைக்
காலால் தட்டிப் பார்த்தேன்.

அசைந்தது.