பார்த்த உயிரினம்

சனிக்கிழமை. நீர் ஏற இன்னும் அரைமணி.
பன்னிரண்டு லைஃப் ஜாக்கெட்டை எண்ணி அடுக்கினேன்.
ஒன்றுக்கு விசில் இல்லை,
அதை நானே போட்டுக்கொள்வது வழக்கம்.
கழுத்தில் தொங்கும் அட்டையில்
டெல்மா, வழிகாட்டி, சூழல் சுற்றுலாக் குழு.
போட்டோவில் நான் யாரையோ முறைக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேன்
தொண்டி ரோட்டின் புழுதியோடு வந்து நின்றது.
முதலில் டாய்லெட் கேட்டார்கள், பிறகு டவர்,
பிறகு
என்னவெல்லாம் பார்க்கலாம்?

ஒப்பித்தேன்.
இது அலையாத்தி. சேற்றில் விரல் விரலாய் நிற்பது
மூச்சு விடும் வேர், மிதிக்கக் கூடாது.
அது சாம்பல் நாரை. அங்கே நத்தைகுத்தி.
பூநாரை தை மாதம் வந்தால் நிச்சயம்,
இன்று உங்கள் அதிர்ஷ்டம்.
குடித்த உப்பை இலைவழி துப்பும் மரம் இது,
வேண்டுமானால் நக்கிப் பாருங்கள்.
நக்கினார்கள்.
ஒரு அம்மாள் மட்டும்
இலையைத் துடைத்துவிட்டு நக்கி
உப்பே இல்லையே என்றார்.

பையனுக்கு ஏழு வயசிருக்கும்.
படகுத்துறைப் பலகையில் பார்த்த படத்தை விடவில்லை.
இமைமுடி வைத்து, சிரிக்க வைத்து
யாரோ வரைந்த கடற்பசு.
ஆன்ட்டி, நீங்க அதைப் பாத்திருக்கீங்களா?

பார்த்ததில்லை தம்பி.

பொய் இல்லை.
என் தம்பி ரீகன் பார்த்தான்.
போன ஆடியில் வலையில் ஏறியதை
பதினாலாயிரம் ரூபாய் வலையை அறுத்து
வெளியே விட்டான்.
போனில் நாற்பது விநாடி வீடியோ இருக்கிறது,
பழுப்பாய் ஒரு முதுகு,
ரீகனின் கெட்ட வார்த்தை,
அப்புறம் வெறும் தண்ணீர்.
நிவாரணம் வர எட்டு மாதம் ஆனது.
வந்தது.

நானோ
ஆறு வயசில், ஒரு ஞானஸ்நான விருந்தில்,
மூடிவைத்த சட்டியிலிருந்து இரண்டாந்தரம் வாங்கித் தின்றேன்.
எவர் கேட்டாலும் ஆட்டுக்கறி என்று சொல்
என்றார்கள்.
எவரும் கேட்கவில்லை.
முப்பது வருசமாய் தயாராய் வைத்திருக்கிறேன் அந்தப் பதிலை.
ஆவுளியா என்று அதன் பெயரைச் சொல்லும்போது
வகுப்பெடுத்த ஆராய்ச்சிக்கார அம்மாவுக்குக் கண் கலங்கும்,
எனக்கு
நாக்கடியில் ஊறும்.
இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

அது என்ன சாப்பிடும்?
கடல்புல்.
அதை யார் சாப்பிடுவா?

வாய்க்கால் குறுகும் இடத்தில் இன்ஜினை அணைத்தேன்.
பேசாதீங்க, காதை மட்டும் வைங்க என்றேன்.
வேர்களுக்குள்ளிருந்து
பொரிகடலை வெடிப்பதுபோல் சடசடப்பு,
சொடக்கு இறால்.
பலகையில் அதற்குப் படம் கிடையாது.
எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள்.
பையன் தண்ணீரையே பார்த்தான்,
மூச்சு வாங்க ஏதாவது மேலே வருமென்று.
நானும்தான் பார்த்தேன்.
ஒருவர் போனில் முருகன் பாட்டு அடித்தது.
நாரை எழும்பிப் போனது.

கரையில் எங்கள் குழுப் பெண்கள்
நண்டு சூப் தயாராய் வைத்திருந்தார்கள்.
கணவாய் வறுவல் தனிக் காசு.
தூண்டிமுள் கீறிய கையோடு மெட்டில்டா சில்லறை கொடுத்தாள்.
ஒருவர் கேட்டார்,
இது புடிக்கலாமா, தடை ஒண்ணுமில்லையே?
இல்ல சார், சாப்பிடுங்க.
சாப்பிட்டார்.

வருகைப் பதிவேட்டில் நாலு கட்டம்:
பெயர், ஊர், பார்த்த உயிரினம், கருத்து.
பெரியவர்கள் நாரை என்றும் குட் என்றும் எழுதினார்கள்.
பையன் பேனாவை அழுத்திப் பிடித்து
மூன்றாவது கட்டத்தில் எழுதினான்:
கடல் பசி. பார்க்கவில்லை.

உகரத்தை இகரமாக்கிவிட்டான்.
திருத்தலாமென்று பேனாவை எடுத்தேன்.
வேன் கிளம்பும் சத்தம்.
அடுத்த கூட்டம், திருப்பூர், பதினோரு பேர்,
ஏற்கெனவே ஜாக்கெட்டை
தலைகீழாய் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
மூடி வைத்தேன்.